கழலாமல் பிடித்துக்கொண்ட ஆயில் ஃபில்டரைக் கழற்றும் முறை

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடிகாலையில் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் ஜீப்களுக்கு ஓய்வு கிடைப்பது சாயங்காலம் கீழே இறங்கிய பிறகுதான். ஆயில் மாற்றும் வேலையும் அப்போதுதான் நடக்கும். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தாகிவிட்டது. ஃபில்டரில் கை வைத்தால் அசைய மாட்டேன் என்கிறது. ஸ்பேர் கடை சாத்தும் நேரம் ஆகிறது, விடிந்தால் வண்டி கிளம்ப வேண்டும். இந்த அவசரத்தில்தான் பலரும் கையில் கிடைத்த திருப்புளியை எடுத்து ஃபில்டரில் குத்திவிடுகிறார்கள். டப்பா கிழிகிறது, அடித்தட்டு எஞ்சினோடு ஒட்டியபடியே நிற்கிறது, வண்டி நகர முடியாமல் போகிறது.

அப்படி ஆகாமல் கழற்ற ஒரு வரிசை இருக்கிறது. எளிய வழியிலிருந்து தொடங்கி, திரும்பி வர முடியாத வழியைக் கடைசிக்கு வைப்பதுதான் அந்த வரிசை. புதிதாக இந்த வேலையைத் தொடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது.

பிடித்திருப்பது மரை அல்ல, ரப்பர்

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றிப் பழகிய கை, ஃபில்டரையும் அப்படியே நினைக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை எடுத்துச் சுற்றிலும் அடித்துவிட்டுக் காத்திருக்கும். ஃபில்டரின் மரை நடுத்துளைக்குள் இருக்கிறது, எந்நேரமும் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. அங்கே துரு ஏற வழியில்லை. ஸ்ப்ரே அங்கே போய்ச் சேரவும் வழியில்லை, ஏனென்றால் ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்துகிற அதே ரப்பர் வளையம் ஸ்ப்ரேயையும் வெளியே தடுத்துவிடும். டப்பாவின் விளிம்பே எஞ்சின் இரும்பில் முட்டி, அந்த இடத்தில் துரு ஏறியிருந்தால் மட்டும் ஸ்ப்ரே கொஞ்சம் உதவும்.

உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ரப்பர் வளையம்தான். வளையத்தில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி மாட்டினால், திருகும்போதே ரப்பர் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எஞ்சினின் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட, ரப்பர் தட்டையாகி, இறுகி, இரும்பு முகத்தோடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போது ஸ்பேனர் போட்டு முறுக்கியிருந்தால் பிடி இன்னும் கெட்டியாகும். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியிருந்தாலும் அப்படியே.

ஸ்பேனர் போட்டு முறுக்குவதற்குப் பயம்தான் காரணம். மலைப்பாதையில் நடுவழியில் ஆயில் ஒழுகிவிடக் கூடாதே என்று "இன்னும் ஒரு இழுப்பு" இழுத்துவிடுகிறார்கள். ஒரு சிறிய காரின் ஃபில்டருக்குத் தேவையான இறுக்கம் 14 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். 30 செ.மீ. நீளமுள்ள ஒரு ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ பையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் இறுக்கம் அவ்வளவுதான். டப்பாவைச் சுற்றிச் செயினை வளைத்துப் பிடிக்கும் செயின் ஸ்பேனரைப் போட்டு உடம்பின் எடையைக் கொடுத்து இழுக்கிறவர் அதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிடுகிறார்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் டப்பா மெல்லிய தகரம். எஞ்சினைத் தொடும் பக்கத்தில் உள்ள அடித்தட்டு மட்டும்தான் கனமான எஃகு. டப்பாவின் விளிம்பு அந்தத் தட்டோடு மடித்துப் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே பலத்தை எஞ்சின் பக்க விளிம்புக்கு எவ்வளவு அருகில் கொடுக்கிறோமோ அவ்வளவு பலம் தட்டுக்குப் போகும். நடு வயிற்றில் பிடித்துத் திருகினால் தகரம் நசுங்கும், தட்டு நகராது. கீழே சொல்லப்போகிற எல்லா முறைக்கும் இது பொருந்தும்.

(சில புதிய எஞ்சின்களில் டப்பாவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூடியும் உள்ளே காகித ஃபில்டரும் இருக்கும். அந்த மூடியைக் குத்தவோ செயின் போட்டு இழுக்கவோ கூடாது. அதன் பக்கவாட்டு முகங்களில் சரியாகப் பொருந்தும் கப் ஸ்பேனர் மட்டும்தான் வழி. இறுக்க வேண்டிய அளவு பெரும்பாலும் மூடியின் மேலேயே பொறித்திருக்கும்.)

தொடங்கும் முன்

புதிய ஃபில்டர் கையில் இல்லாமல் பழையதில் கை வைக்காதீர்கள். பழையது கிழிந்துவிட்டால் வண்டி ஓடாது. ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ, மலைக்கு மேலே குமுளி, கட்டப்பனை பக்கம் இருப்பவர்கள் ஹர்த்தாலுக்கு முந்தைய இரவிலோ இந்த வேலையைத் தொடங்குவது நல்லதல்ல.

கடையில் ஃபில்டர் வாங்கும்போது உருவம் பார்த்து வாங்க வேண்டாம். வண்டியின் பெயர், வருடம், எஞ்சின் வகை மூன்றையும் சொல்லி, "அண்ணே, இந்த எஞ்சினுக்கு உள்ள நம்பர்தானே இது? லிஸ்ட்ல பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்குங்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஃபில்டர்களில் ஒன்றின் மரை முக்கால் இஞ்ச், ஓர் இஞ்சுக்கு 16 மரை என்று இருக்கலாம். மற்றது 20 மி.மீ., 1.5 மி.மீ. இடைவெளி என்று இருக்கலாம். முக்கால் இஞ்ச் என்பது 19 மி.மீ. என்பதால், எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முக்கால் இஞ்ச் மரைக்குழாயில் (ஃபில்டர் திருகி ஏறும் குழாய்) 20 மி.மீ. ஃபில்டர் லூசாக ஏறி, இறுகியதுபோலவே காட்டிவிடும். ஆயில் பிரஷர் ஏறும்போது மரை பிய்த்துக்கொண்டு போகும்.

தேவையான மற்ற சாமான்கள்: பழைய ஆயில் பிடிக்க அகலமான சட்டி, பனியன் வேஸ்ட் ஒரு பொட்டலம், முரடான உப்புத்தாள் (60 அல்லது 80 நம்பர்), ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, சாக்பீஸ், அளவுக்கேற்ற கப் ஸ்பேனர், அதைத் திருப்ப ராட்செட் கைப்பிடி, பெல்ட் அல்லது செயின் ஸ்பேனர். கடைசி வழிக்குத் தடித்த நீளமான திருப்புளி, மழுங்கிய உளி, சுத்தியல், தகரம் வெட்டும் கத்தரி.

கப் ஸ்பேனர் என்பது ஃபில்டரின் மூடிய முனையில் தொப்பிபோலக் கவிழ்ந்து உட்காரும் சாதனம். 65, 74, 76 மி.மீ. என்று பல அளவில் வரும், உள்ளே 14 அல்லது 15 முகம் இருக்கும். உங்கள் ஃபில்டரின் அளவு தெரியவில்லையென்றால் அதன் மூடிய முனையைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்துவிடுங்கள். நூல் 239 மி.மீ. வந்தால் ஃபில்டர் 76 மி.மீ. முகங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். 14 முகத்துக்கு 15 முகக் கப் போட்டால் வழுக்கிவிட்டு ஓரத்தை மழுக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மலையடிவார ஊர்களில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும். கை பிரேக்கை மட்டும் நம்பாமல் நாலு சக்கரத்துக்கும் கட்டையோ கல்லோ கொடுங்கள். ஜீப் என்றால் தூக்காமலே அடியில் படுத்து வேலை பார்க்கலாம். கார் என்றால் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகுதான் போக வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது பலரும் மறக்கிற வேலை. பல எஞ்சின்களில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிறது. அதில் கனமான கேபிள் வந்து சேரும் போல்ட்டில் எந்நேரமும் கரண்டு இருக்கும். இரும்பு ஸ்பேனர் அதையும் எஞ்சினையும் ஒரே நேரத்தில் தொட்டால் பெரிய பொறி பறக்கும். சுற்றிலும் ஆயில் வழிந்துகொண்டிருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

சூடு எவ்வளவு இருக்க வேண்டும்

இளஞ்சூடு. முழுக்க ஆறிப்போன ரப்பர் விறைத்து நிற்கும், கொஞ்சம் சூடேறினால் இளகும். மலையிறங்கி அப்போதுதான் வந்த வண்டி என்றால் ஆயில் 100 டிகிரியை ஒட்டியிருக்கும். கையில் பட்டால் தோல் உரிந்துவிடும், பக்கத்தில் இருக்கும் சைலன்சர் குழாய் இன்னும் மோசம். முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி என்றால், ஆயில் வடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கால் மணி நேரம் பொறுங்கள். புறங்கையை டப்பாவில் வைத்துப் பொறுக்க முடிந்தால் அதுதான் சரியான சூடு. ரப்பரை இளக்க வேண்டும் என்று ஊதுவிளக்கு காட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது ஆயிலும் காகிதமும்.

ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள். வடித்த பிறகும் ஃபில்டருக்குள் கால் லிட்டருக்குக் குறையாமல் தங்கியிருக்கலாம். ஆகவே சட்டியை ஃபில்டருக்கு நேர் கீழே நகர்த்தி வையுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றுவது

ஃபில்டரின் மூடிய முனையை நேருக்கு நேர் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இதில் என்ன சந்தேகம் என்று தோன்றலாம். ஆனால் தலைகீழாகத் தொங்கும் ஃபில்டரை மேலிருந்து கைவிட்டுத் திருகும்போது திசை மாறித் தெரியும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகார முள் சுற்றும் திசை. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியவர்கள் ஏராளம். மூடிய முனைக்கு எதிரே முகத்தை வைத்துத் திசையை முடிவு செய்து, டப்பாவின் மேல் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். கூடவே எஞ்சின் பக்க விளிம்பிலும் எஞ்சின் இரும்பிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுங்கள். டப்பா நகர்ந்ததுபோலத் தோன்றி இந்தக் கோடு விலகாமல் இருந்தால், தகரம்தான் முறுகுகிறது, தட்டு நகரவில்லை. அந்த நொடியே நிறுத்திவிட்டு அடுத்த முறைக்குப் போங்கள்.

கழற்றும் வரிசை

1. முதலில் டப்பாவைச் சுத்தமாகத் துடையுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இடுக்கித் தோட்டத்துப் பாதைகளில் ஓடிய வண்டியின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். மண்ணும் ஆயிலும் கலந்த பூச்சின் மேல் எந்த ஸ்பேனரும் நிற்காது. வேஸ்ட்டில் கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த வேஸ்ட்டால் ஈரமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

2. உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் டப்பாவைத் தொடும்படி சுற்றி, மேலே ரப்பர் கையுறை போட்ட கையால் இறுகப் பிடித்துத் திருகிப் பாருங்கள். பல ஃபில்டர்கள் பிடித்துக்கொண்டதுபோலத் தெரிவதற்குக் காரணம் கை வழுக்குவதுதான்.

3. கை தோற்றால் கப் ஸ்பேனர். இதை மற்ற எதற்கும் முன்பே முயல வேண்டும். செயின் போட்டு டப்பா நசுங்கிய பிறகு கப் உட்காராது. கப்பை உள்ளங்கையால் தட்டி முழுக்க உட்கார வைத்து, ராட்செட் மாட்டி, ஒரு கையால் கப்பை எஞ்சின் நோக்கி அழுத்தியபடியே மறு கையால் இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம், முதலில் இழுவிசையைக் கொடுத்து நிறுத்தி, அங்கிருந்து ஒரே வெட்டாக வெட்டி இழுங்கள். ஒட்டியிருக்கும் ரப்பர் விடுபடுவது அந்த வெட்டில்தான். கப் வழுக்கினால் இடையில் உப்புத்தாள் ஒரு சுற்று கொடுக்கலாம்.

4. அடுத்தது பெல்ட் அல்லது செயின் ஸ்பேனர். செயினைப் போடும் இடத்தைப் பொறுத்தே இது கழலும். எஞ்சின் பக்க விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குள் போடுங்கள். கழற்றும் திசையில் இழுக்கும்போது செயின் இறுக வேண்டும், மாற்றிச் சுற்றியிருந்தால் இழுக்க இழுக்க லூசாகும். சுற்றியதும் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பெல்ட் வழுக்கினால் அதற்கும் டப்பாவுக்கும் நடுவே உப்புத்தாள். நல்ல செயின் ஸ்பேனர் இல்லாதவர்கள், பழைய பைக் செயினை ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் வெல்டு வைத்து லேத் பட்டறையில் செய்து வாங்கிக்கொள்ளலாம். மலைப்பாதை ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அது நெடுநாள் உழைக்கும்.

இந்த நாலு படிக்குள் பெரும்பாலான ஃபில்டர்கள் கழன்றுவிடும். கழலவில்லை, ஆனால் டப்பா இன்னும் முழுசாக இருக்கிறது என்றால், உங்களுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது: ஆயிலை மறுபடி நிரப்பி, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போய்விடலாம். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அடுத்த படியில் திருப்புளியை ஏற்றிய பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். துளை விழுந்த ஃபில்டரோடு எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது. பம்ப் தள்ளும் பிரஷரில் ஆயில் முழுவதும் வெளியே கொட்டி, பேரிங் வறண்டு, எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

கடைசி வழி

திருப்புளி முறையை முதல் வழியாகச் சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர். அது சில நேரம் வேலை செய்கிறது என்பது உண்மை. சுலபமாகக் கழலக்கூடிய ஃபில்டரில்தான் அது வேலை செய்கிறது. உண்மையில் இறுகிய ஃபில்டரில் தகரம் பேப்பர் கிழிவதுபோலக் கிழியும்.

செய்தே ஆக வேண்டுமென்றால், 10 மி.மீ. அளவுக்குத் தடித்த நீளத் திருப்புளியை எடுங்கள். எஞ்சின் பக்க விளிம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி வைத்து, ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளிவரும் வரை சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். அதைவிட நெருக்கமாக அடித்தால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் இடித்து மரையைக் கெடுத்துவிடலாம். அதைவிடத் தள்ளி அடித்தால் தகரம் சீக்கிரம் கிழியும். திருப்புளி வெளிவரும் பக்கத்தில் ரேடியேட்டர், ஒயர், குழாய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் உடனே ஊற்றும், சட்டி சரியான இடத்தில் இருக்கட்டும். ஆல்டர்னேட்டர், பெல்ட் பக்கத்தில் இருந்தால் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள்.

இப்போது திருப்புளியைக் கைப்பிடிபோல இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுங்கள். கோடு விலகினால் நல்லது, அப்படியே சுற்றிக் கழற்றிவிடலாம். துளை நீளமாகிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். சுற்றிலும் கிழித்துவிட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது.

டப்பா கிழிந்துபோன நிலையிலும் பயப்படத் தேவையில்லை. மிச்சத் தகரத்தைக் கத்தரியால் வெட்டி உரித்து எடுங்கள். விளிம்பு பிளேடுபோல இருக்கும், தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காகிதம், துளையிட்ட நடுக்குழாய், ஸ்பிரிங், ரப்பர் வால்வு எல்லாவற்றையும் எடுத்தால் அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கும். அதில் நடுத்துளையைச் சுற்றிச் சின்னத் துளைகள் வட்டமாக இருக்கும், அழுக்கு ஆயில் உள்ளே வரும் வழிகள் அவை. இனி அவைதான் உங்களுக்குப் பிடி.

ஒரு துளையின் ஓரத்தில் மழுங்கிய உளியை சாய்வாக வைத்து, கழற்றும் திசையில் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, அளவான தட்டு போதும். இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு முறை எதிர்ப்புறத் துளைக்கு மாறுங்கள், அப்போது தட்டு ஒரு பக்கமாகச் சாயாது. சாக்பீஸ் கோடு அரை விரல் விலகியதும் கையாலேயே சுற்றலாம். எதிரெதிர்த் துளைகளில் இரண்டு போல்ட்டைச் செருகி, நடுவே ஒரு கம்பியைக் கொடுத்துத் திருகுவதும் நல்ல வழி, போல்ட் அதிக ஆழம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் வருகிற நஷ்டம் பெரிது. ரப்பர் வளையம் உட்காரும் எஞ்சின் முகம் பல வண்டிகளில் அலுமினியம். உளி வழுக்கி அதில் ஒரு கீறல் ஆழமாக விழுந்தால் எந்தப் புதிய ஃபில்டரும் அங்கே ஒழுகாமல் நிற்காது. உளியின் முனை எப்போதும் தட்டின் மேலேயே இருக்க வேண்டும், தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நுழைக்கவே கூடாது.

சில நேரம் ஃபில்டரோடு மரைக்குழாயும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதிய ஃபில்டர் அதில்தான் ஏற வேண்டும். பழைய தட்டிலிருந்து அதைப் பிரித்து, இரண்டு பக்க மரையையும் பாருங்கள். மரை நன்றாக இருந்தால் பிரேக் கிளீனரால் கழுவி, எஞ்சினுக்குள் போகும் பக்கத்தில் மட்டும் மரைப்பூட்டுத் திரவம் (திரெட் லாக்கர்) இரண்டு சொட்டு விட்டு, இரண்டு நட்டை ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்து இறுக்கி, அந்த நட்டைப் பிடித்தே உள்ளே திருகுங்கள். வண்டிக்கான இறுக்க அளவு தெரிந்து அதன்படி இறுக்க வேண்டும். மரை சிதைந்திருந்தால் புதிய குழாய் வாங்குவதுதான் சரி.

புதியதை மாட்டுவது

கழன்ற ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுத்துப்போய், எஞ்சினின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தப்பும், விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பழைய வளையத்தின் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து, பிரஷர் ஏறியதும் ஒன்று பிதுங்கி வெளியே வரும். அதற்கப்புறம் ஆயில் பீய்ச்சி அடிக்கும். இறுகிய ஃபில்டரில் ரப்பர் தங்கிவிடுவது மிகவும் சகஜம், அதனால் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மரத்துண்டாலோ பிளாஸ்டிக் துண்டாலோ நெம்பி எடுங்கள், திருப்புளி வேண்டாம். பிறகு முகத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், நூல் பிரியாத துணியாக இருக்கட்டும்.

புதிய ஃபில்டரின் ரப்பரில் புது ஆயிலை விரலால் வட்டம் முழுக்கத் தடவுங்கள். அடுத்த முறை கையால் கழலப் போகிறதா, இதே போராட்டம் திரும்பப் போகிறதா என்பதை இந்த ஒரு சொட்டு ஆயில்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. வாய் மேல்நோக்கி நிமிர்ந்து மாட்டும் ஃபில்டர் என்றால், முக்கால் அளவு ஆயில் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியாக ஊற்றுங்கள். நடுத்துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி, அதில் ஊற்றும் தூசு நேராகப் பேரிங்குக்குப் போகும்.

கையால் திருகுங்கள். முதல் இரண்டு சுற்று லேசாகப் போக வேண்டும், போகாவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது, திரும்பக் கழற்றி நேராக வையுங்கள். ரப்பர் முகத்தைத் தொட்டதும் ஒரு தடை தெரியும். அங்கே டப்பாவில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டர்களில் அரைச் சுற்று, சிலவற்றில் முழுச் சுற்று என்று இருக்கும், டப்பாவிலோ பெட்டியிலோ படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அதுதான் கணக்கு. ஸ்பேனர் வேண்டாம். கை எட்டாத இடமாக இருந்து கப் போட வேண்டி வந்தாலும் இதே கோட்டுக்கணக்குதான், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். ஆயிலைத் தடுத்து நிறுத்துவது ரப்பர் நசுங்கும் அளவு. அந்த அளவு வந்த பிறகு மேலும் முறுக்கினால் ரப்பர் வெட்டுப்பட்டு, ஒழுகாமல் இருக்க வேண்டியதே ஒழுகத் தொடங்கும். டப்பாவில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மலையில் சுமையோடு ஓடும் வண்டிக்குச் சமதள வண்டியைவிட முன்பே ஆயில் மாற்ற வேண்டும், வண்டிக் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று போட்டிருக்கும் கணக்கைப் பின்பற்றுங்கள்.

டிரெய்ன் போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்கு ஆயில் ஊற்றி, பேட்டரியை இணையுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஃபில்டரின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியில் அளவு பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஃபில்டருக்குள் போன ஆயில் அது, அந்தக் குறைவை ஊற்றி நிரப்புங்கள்.

விளிம்பில் ஒழுகல் தெரிந்தால் மேலும் இறுக்குவது பதில் அல்ல. எஞ்சினை நிறுத்தி, கழற்றி, பழைய ரப்பர் தங்கியிருக்கிறதா, புது ரப்பர் பள்ளத்தை விட்டு விலகியிருக்கிறதா, முகத்தில் கீறல் இருக்கிறதா, ஃபில்டர் நம்பர் சரிதானா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

பழைய ஆயிலும் பழைய ஃபில்டரும்

கழன்ற ஃபில்டரின் மூடிய முனையில் ஒரு துளை போட்டு, ஒரு ராத்திரி சட்டியின் மேல் கவிழ்த்து வைத்தால் உள்ளே தங்கிய ஆயில் வடிந்துவிடும். பிறகு தகரத்தை இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம். வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். ஓடையில் கொட்டினால் அது எங்கே போகும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேக்கடியிலிருந்து லோயர் கேம்ப் வழியாக இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில்தான் இங்கே இருபோக நெல் விளைகிறது.

மறுநாள் முதல் நடை மலையேறி இறங்கி வந்ததும், வண்டியை நிறுத்திய இடத்தில் கால் மணி நேரம் கழித்து ஃபில்டருக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். அங்கே சொட்டு இல்லாமல், ஆயில் கம்பியில் அளவும் இறங்காமல் இருந்தால் அடுத்த ஆயில் மாற்றம்வரை அந்த ஃபில்டரைத் தொட வேண்டாம்.